மறு: ‘பிளாக்கிங் பெட்’ – தடுப்பா, வரப்பா?

போக்கர் சீட்டாட்டச் சொற்களுக்குத் தமிழ்ப் பெயர்ப் பட்டியல் போடுகிறோமே, அதில் ‘பிளாக்கிங் பெட்’டுக்கு (எதிராளி பெரிய தொகை கட்டுமுன் நாமே முந்திச் சின்னத் தொகை கட்டுவது) நான் சொன்னது ‘வரப்புப் பந்தயம்’. வந்த மறுப்புகளுக்கு என் பதில் இது.

> ‘தடுப்புப் பந்தயம்’ என்றே வைத்துவிடலாம். பார்த்ததும் புரிகிறது.

புரிகிறது, ஆனால் தப்பாகப் புரிகிறது. அந்தப் பந்தயம் எதிராளியைத் தடுப்பதே இல்லை. ஒரு கையை எடுத்துப் பார்ப்போம்.

எல்லாருக்கும் பொதுவான ஐந்து சீட்டும் மேஜையில் விழுந்தாயிற்று: டைமன் ராணி, இஸ்பேட் ஒன்பது, கிளாவர் நான்கு, ஆட்டின் ஏழு, இஸ்பேட் இரண்டு. என் கையில் ஆட்டின் ராணியும் கிளாவர் பத்தும். ராணி ஜோடி, நல்ல கைதான், பெரிய கை இல்லை. நடுப்பணம், அதாவது இதுவரை மேஜையில் சேர்ந்த பந்தயப் பணம் (pot), 1000 (அதற்குப் ‘பானை’ வேண்டாம் என்று போன மாதமே முடிவு செய்துவிட்டோம்). நான் ஸ்மால் பிளைண்ட் (சீட்டு வருமுன்பே சிறு கட்டாயத் தொகை போடுபவர்), அதனால் முதலில் பேச வேண்டியவன் நான்.

செக் (பணம் கட்டாமல் வாய்ப்பை விடுவது) சொன்னால் எதிராளி 750 கட்டலாம். 750 கொடுத்துப் பார்ப்பதா, ராணியைக் கீழே வைப்பதா என்று நான் உட்கார்ந்து மண்டையைச் சொறிய வேண்டும். அதற்குப் பதில் நானே 250 கட்டிவிடுகிறேன். சீட்டைத் திறந்து பார்க்க என்ன விலை என்பதை நான் முந்திக்கொண்டு சொல்லியாயிற்று. 1250ஐ வெல்ல அவர் போட வேண்டியது 250தான். ஆறில் ஒரு முறை ஜெயித்தாலே அவருக்குக் கட்டுப்படியாகும். அதனால் ஒன்பது ஜோடி வைத்திருப்பவர்கூட ‘சரி, பார்த்துவிடலாம்’ என்பார். நான் செக் சொல்லியிருந்தால் அதே ஆள் தானும் செக் சொல்லி, ஒரு பைசா தராமல் சீட்டைத் திறந்திருப்பார்.

ஆனால் அவர் 1000ஆக உயர்த்தினால் என் 250 நிற்காது. பெரும்பாலும் கையை விட்டுவிட வேண்டியதுதான். வயல் வரப்பும் இப்படித்தானே? சாதாரணத் தண்ணீரை நிறுத்தும், வெள்ளம் வந்தால் உடையும். அதனால்தான் ‘வரப்புப் பந்தயம்’ என்கிறேன்.

இன்னொரு வசதி, பந்தயமும் ‘கட்டு’, வரப்பும் ‘கட்டு’. ‘ரிவரில் வரப்பு கட்டினார்’ (ரிவர் என்பது கடைசி, ஐந்தாவது சீட்டு), ‘வரப்பைத் தாண்டி உயர்த்தினார்’ என்று வினையோடு சேர்ந்து இயல்பாக ஓடுகிறது. ‘தடுப்புப் பந்தயம் மேற்கொண்டார்’ என்று எழுதிப் பாருங்கள், அரசாணை வாசனை அடிக்கும்.

> ‘அச்சாரம்’ எப்படி? சின்னத் தொகையில் விலையை முடிப்பதுதானே?

இதைப் படித்ததும் கொஞ்ச நேரம் மனசு மாறிவிட்டது. ஆனால் அச்சாரம் கொடுத்தவர் மீதியையும் கொடுக்க வேண்டும். இங்கே மேற்கொண்டு ஒரு ரூபாயும் போகக் கூடாது என்பதுதானே நம் ஆசை.

> எல்லாமே சிறு பந்தயம்தானே, தனிப்பெயர் எதற்கு?

அளவு சிறிது, வேலை வேறு. ராஜா, ஏழு, இரண்டு என்று மூன்று சாதியில் ஃப்ளாப் (முதல் மூன்று பொதுச் சீட்டுகள்) விழுகிறது. அதற்கு முன் உயர்த்தியவர் 300 நடுப்பணத்தில் 100 கட்டுகிறார். நான்கில் ஒரு முறை எதிராளி விலகினாலே, கையில் ஒன்றுமில்லாவிட்டாலும் அவருக்கு நட்டமில்லை. அது மலிவான தாக்குதல். அதற்குச் ‘சிறு பந்தயம்’ என்ற பொதுப்பெயரே போதும். வரப்பு என்பது முதலில் பேச வேண்டிய இடத்தில் மாட்டிக்கொண்டவர் கட்டுவது.

விளக்கக் குறிப்பில் ஒரு வரி சேர்க்க வேண்டும். ஒரு காலத்தில் இதைப் பயந்தாங்கொள்ளி ஆட்டம் என்றுதான் பலர் நினைத்தார்கள். 2015 வாக்கில் பியோசால்வர் போன்ற, சரியான ஆட்டத்தைக் கணக்குப் போட்டுச் சொல்லும் மென்பொருள்கள் வந்த பிறகு அந்த எண்ணம் மாறிப்போனது. நடுத்தரக் கை கிடைத்தால் மட்டும் வரப்பு கட்டுகிறவரை விவரமானவர் கண்டுகொண்டு, உயர்த்தி உயர்த்தியே விரட்டுவார். அதனால் மூன்று ஒன்பது மாதிரி பலமான கையையும் சில சமயம் அதே 250க்குப் பின்னால் ஒளித்துவைக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமைக்குள் மறுப்பு வராவிட்டால் பட்டியலில் ஏற்றிவிடுகிறேன். அடுத்து நிற்பது ‘டாங்க் பெட்’ (டாங்கி, அதாவது கழுதை, என்பதன் சுருக்கம்). தயவுசெய்து யாரும் ‘கழுதைப் பந்தயம்’ என்று ஆரம்பிக்காதீர்கள், படிக்கிறவர் எந்தக் கழுதை முதலில் வந்தது என்று கேட்பார்.