மேற்கத்தியச் செவ்வியல் இசைக்குப் புதியவரா? முதலில் கதையா, இசையா?

வயலின்பித்து:
இந்த இசைப் பக்கமே வராத நண்பர்களை உள்ளே இழுக்க எனக்குத் தெரிந்த ஒரே வழி துணுக்குகள்தான். பிரெஞ்சு அரசவையில் இருந்த இசையமைப்பாளர் லுல்லி, தாளம் போட்ட கம்பைத் தன் காலிலேயே இடித்துக்கொண்டு, காயம் புரையோடி 1687-இல் இறந்துபோனார் என்று சொல்லுங்கள். யாராக இருந்தாலும் நிமிர்ந்து உட்காருவார்கள். 'சொனாட்டா வடிவம்' என்று இசை இலக்கணத்தை ஆரம்பித்தால் செல்போனை எடுத்துவிடுவார்கள்.

ஊமைப்பியானோ:
நிமிர்ந்து உட்காருவார்கள், சரி. அப்புறம் லுல்லியின் இசையைக் கேட்டார்களா, ஒருவராவது? கால் நினைவிருக்கும், ஒரு மெட்டு நினைவிருக்காது. அதோடு, சுவையான துணுக்குகளில் நிறைய கட்டுக்கதை. இசைமேதை மொட்சார்ட்டுக்கு, அதே காலத்து இசையமைப்பாளர் சாலியேரி விஷம் வைத்தார் என்று இன்னும் நம்புகிறவர்கள் உண்டு. ஆதாரமே கிடையாது. பீத்தோவன், ஷூபர்ட், லிஸ்ட் மூவருக்கும் பாடம் சொல்லிக்கொடுத்த மனிதரைத் துணுக்கு கொலைகாரர் ஆக்கிவிட்டது.

வயலின்பித்து:
பொய்யைப் பரப்பச் சொல்லவில்லையே நான். இசையமைப்பாளர் ஹைடனின் 45-ஆம் சிம்பொனியை, அதாவது முழு இசைக்குழுவுக்காகப் பல பகுதிகளாக எழுதிய பெரிய படைப்பை, எடுத்துக்கொள்ளுங்கள். 1772. ஹைடன் வேலை பார்த்த இளவரசர் நிக்கோலாஸ் எஸ்டர்ஹாசி தன் கோடைக்கால அரண்மனையை விட்டுக் கிளம்புகிற வழியாக இல்லை. இசைக்குழுவில் பெரும்பாலோர் மனைவி மக்களைப் பிரிந்து அங்கேயே கிடந்தார்கள். வாய்விட்டுக் கேட்க முடியுமா? ஹைடன் இசையிலேயே கேட்டார். கடைசிப் பகுதி வேகமாகப் போய்ச் சட்டென்று நிற்கும். மெதுவான ஒன்று தொடங்கும். ஓபோ, ஹார்ன், பசூன் என்ற ஊதுகருவிகளை வாசிப்பவர்களில் தொடங்கி ஒவ்வொருவராகத் தம் பங்கை முடித்து, மெழுகுவர்த்தியை அணைத்துவிட்டு எழுந்து போவார்கள். மிஞ்சுவது இரண்டே வயலின், அதுவும் ஒலியை அடக்கி. இளவரசருக்கு விஷயம் புரிந்து, ஊர் திரும்ப ஏற்பாடு செய்தார் என்பார்கள். இதைச் சொல்லாமல் போட்டால், சத்தம் குறைகிறதே என்று ஸ்பீக்கரைத் திருகுவார்கள்!

ஊமைப்பியானோ:
இது வேறு ரகம். கதை இசைக்குள்ளேயே நடக்கிறது, காதால் பின்தொடரலாம். லுல்லியின் காலை எந்த இசையில் போய்க் கேட்பது?

பின்வரிசை:
புதியவன் நான்தான், குறுக்கிடுகிறேன். அதே ஹைடனின் 94-ஆம் சிம்பொனி, 'சர்ப்ரைஸ்'. தூங்குகிற ரசிகர்களை எழுப்ப இரண்டாம் பகுதியில் திடீரென்று மொத்த இசைக்குழுவும் ஓங்கி ஒரு அடி அடிக்கும் என்று சொல்லித்தான் போட்டார்கள். காத்திருந்தேன், வந்தது, அணைத்துவிட்டேன். சொல்லாமல் போட்டிருந்தால் தூக்கிவாரிப் போட்டிருக்கும்.

வயலின்பித்து:
அவசரப்பட்டுவிட்டீர்கள். அந்த அடி முதல் நிமிடத்துக்குள் வந்துவிடும். அதற்குப் பிறகு அதே மெட்டை விதவிதமாக மாற்றிக்கொண்டே போவார். மறுபடி எப்போது அடி விழும் என்று நாம் காதைத் தீட்டிக்கொண்டிருப்போம். அந்த இடத்தில் அவர் அடிக்கவே மாட்டார். குறும்பே அதுதான்.

ஊமைப்பியானோ:
இதையல்லவா முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்! 'எழுப்புவதற்காக' என்பதையும் ஹைடனே பின்னாளில் மறுத்திருக்கிறார். லண்டன் ரசிகர்களைப் புதிதாக ஏதாவது செய்து அசத்தத்தான் அப்படி எழுதினாராம். பின்வரிசை, பீத்தோவனின் ஏழாம் சிம்பொனி, இரண்டாம் பகுதி. போட்டுக் கேளுங்கள். கதை எதுவும் சொல்லமாட்டேன்.

வயலின்பித்து:
1813 டிசம்பரில் வியன்னாவில் முதன்முதலாக வாசித்தபோது, கூட்டம் விடாமல் அந்தப் பகுதியை இன்னொரு முறை வாசிக்க வைத்தது. மன்னிக்கணும், வாய் சும்மா இருக்கவில்லை.