பிங் போகுது, பாதி தளம் திறக்கல: எம்டியு (ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு) சிக்கலுக்கு வழி சொல்லுங்க

வேளச்சேரி. போன செவ்வாய் மழையில் லைன் அறுந்தது. ஆள் வந்து ஃபைபரை மாற்றி, பிபிபிஓஇ-யில் (யூசர்நேம், பாஸ்வேர்டு கொடுத்து இணையும் முறை) போட்டுவிட்டுப் போனார். அன்றிலிருந்து பாதி தளங்கள் சுற்றிக்கொண்டே நிற்கின்றன, முக்கியமாக வங்கித் தளம்.

லைட் எல்லாம் பச்சை. கூகுளின் 8.8.8.8-க்கு பிங் (சோதனைப் பாக்கெட்) சரி. டிஎன்எஸ் தளப் பெயருக்கான ஐபி முகவரியைத் தருகிறது. சர்வருடன் டிசிபி இணைப்பும் கிடைக்கிறது. அதற்கு மேலே, பாதுகாப்பான இணைப்பைத் தொடங்கும் டிஎல்எஸ்-இல் சர்வர் சான்றிதழ் அனுப்பும் இடத்தில்தான் தொங்குகிறது. சின்ன பாக்கெட் வருது, பெரியது வழியிலேயே காணாமல் போகுது. துண்டாக்காதே என்று பிங் அனுப்பினால் 1464 பைட் வரை பதில், 1465-க்கு மௌனம். ஹெடர் 28 சேர்த்தால் 1492. ஈதர்நெட்டின் 1500-இல் பிபிபிஓஇ 8 பைட்டைத் தின்னும் கணக்கு அப்படியே பொருந்துகிறது.

விண்டோஸ் 11 லேப்டாப்பில் எம்டியு 1492 வைத்ததும் எல்லாம் திறந்தது. டிவியிலும் அம்மா போனிலும் அந்த செட்டிங்கே இல்லை. ரவுட்டரின் வான் (WAN, இணையப் பக்கம்) எம்டியு-வை 1492 ஆக்கியும் அதே கதை. மூன்று வருட ரவுட்டர், மெனுவில் எம்எஸ்எஸ் (ஒரு டிசிபி பாக்கெட்டில் போகும் டேட்டாவின் உச்ச அளவு) கிளாம்பிங், அதாவது அதை ரவுட்டரே குறைக்கும் வசதி, கிடையாது. கஸ்டமர் கேரில் நாலு தடவை பேசியாச்சு. "ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சார்" தான்.

ரவுட்டரை மாற்றாமல், வீட்டில் எல்லாக் கருவிக்கும் எம்எஸ்எஸ்-ஐ 1452-க்கு (1492-இல் ஐபி, டிசிபி ஹெடர் 40 போக) குறைக்க வழி இருக்கா?