இம்சோங்காக் மாளிகை: இடித்ததைத் திரும்பக் கட்டலாமா?

செந்தூரம்:
தென்கொரியாவின் ஆண்டோங் நகரில் நாக்டோங் ஆற்றங்கரையில் இருக்கும் இம்சோங்காக், 1519இல் யி மியோங் கட்டிய யாங்பான் (பழைய கொரியப் பிரபு வகுப்பு) குடும்ப வீடு. நான்கு தூண்களுக்கு நடுவிலுள்ள இடத்தை ஒரு கான் என்று எண்ணுவார்கள். இதை 99 கான் வீடு என்பார்கள். ஜப்பானிய ஆட்சியில், 1942இல் திறந்த ரயில் பாதைக்காக முன்பக்கக் கட்டடங்களை இடித்துவிட்டார்கள். 2020 டிசம்பரில் ரயில் வேறு தடத்துக்குப் போனதும் மறுகட்டுமானம் தொடங்கியது. எனக்கு இதில் உடன்பாடில்லை. புது மரத்தில் எழுப்பினால் அது இந்தக் காலத்துக் கட்டடம்தான். அஸ்திவாரக் கற்களை மட்டும் வெளிக்கொண்டு வந்து காட்டலாம்.

ஆற்றோரம்:
மர வீட்டைக் கல்கோயில் மாதிரி பார்க்காதீர்கள். உளுத்த தூணை மாற்றுவதும், ஓட்டைப் பிரித்து மேய்வதும், மண்சுவரை மறுபடி பூசுவதும் அந்த வீடுகளின் இயல்பு. அப்புறம், மலைச்சரிவில் முதுகு சாய்த்து ஆற்றைப் பார்த்து உட்காருவதற்காகவே அமைத்த வீடு இது. இந்த வீட்டின் குன்ஜாஜோங் மண்டபத்தின் கதவுகளைத் திறந்தால் ஆறு தெரிய வேண்டும். அந்தப் பார்வையைத்தான் ரயில் மேடு மறைத்தது. பழைய தோற்றத்துக்கு ஆதாரமும் இருக்கிறது: இதே குடும்பத்து யி ஜோங்-ஆக் 1763இல் வரைந்த ஓவியம்.

செந்தூரம்:
மேட்டை அகற்றியது சரி, அதில் சண்டை இல்லை. ஆனால் அந்த ஓவியம் தூரத்திலிருந்து வரைந்த இயற்கைக் காட்சி. கூரையின் போக்கு தெரியும். உள்ளே அறைகள் எப்படிப் பிரிந்தன, மரப்பொருத்து எப்படி என்பதெல்லாம் அதில் கிடைக்குமா?

பனங்காடு:
இடிபட்டதில் முக்கியமானது வேலையாட்கள் தங்கிய வாயில்பக்கக் கட்டு. அதை விட்டுவிட்டால் எஜமானர்களின் அறைகளும் மண்டபமும்தான் மிஞ்சும். இந்த வீட்டின் வாரிசு யி சாங்-ரியோங் 1911இல் மஞ்சூரியாவுக்குக் கிளம்புமுன் அடிமைகளை விடுவித்தார். பிறகு விடுதலைப் போராட்டத்துக்குச் சொத்துகளை விற்றார். 1925இல் கொரியாவின் நாடுகடந்த தற்காலிக அரசின் தலைவரானார். அவரைக் கொண்டாடுகிறோம், சரி. அவர் விடுவித்தவர்கள் வாழ்ந்த இடத்தை வெறும் கற்களாக விடுவது எனக்கு அநியாயமாகப் படுகிறது.

செந்தூரம்:
அந்தக் கட்டு வேண்டும் என்பதை ஏற்கிறேன். அங்கே எத்தனை பேர், எப்படி வாழ்ந்தார்கள் என்று தெரியாமல் பளபளப்பான அறைகளைக் கட்டினால் அவர்களுக்குத்தான் அநியாயம்.

ஆற்றோரம்:
அப்படியானால் தோண்டியதில் தெரிந்த அளவுக்கே கட்டட்டும். ஒவ்வொரு புது உத்தரத்திலும் வருடத்தைப் பொறிக்கட்டும்.