பியானோ அறையில் மாட்டிக்கொண்டேன், ஒரு துப்பு கொடுங்களேன்

மஞ்சக்குப்பத்தில் நேற்று ராத்திரி நல்ல மழை. எல்லோரும் தூங்கிய பிறகு, பழைய பேய்மாளிகை விளையாட்டு ஒன்றின் ரசிகர் ஆசைக்குச் செய்த குட்டி விளையாட்டைத் திறந்தேன். அட்வெஞ்சர் கேம் ஸ்டுடியோ என்ற, இந்த மாதிரி விளையாட்டுகளை உருவாக்கும் மென்பொருளில் செய்தது. பழைய விளையாட்டுகளை ஓட்டும் ஸ்கம்விஎம் மென்பொருள் 2021இல் இருந்து இந்த வகையையும் ஓட்டுவதால் என் லினக்ஸ் லேப்டாப்பில் தொல்லையில்லை.

தொல்லை பியானோ அறையில்தான். சுவர்க்கடிகாரம் 3:40இல் நிற்கிறது. இழுப்பறையில் துருப்பிடித்த சாவி, பாதி எரிந்த மெழுகுவர்த்தி. சாவி எந்தப் பூட்டுக்கும் சேரவில்லை. மெழுகுவர்த்தியைக் கண்ணாடி முன் வைத்தால் எனக்குப் பின்னால் ஒரு நிழல் நகர்கிறது. (சரியாக அந்த நேரம் பார்த்து கரண்டு போனது. கத்தினேனா என்று கேட்காதீர்கள்.) அப்புறம் ஒன்றும் நடக்கவில்லை.

முழு விடை வேண்டாம். கடிகார முள்ளைத் திருப்ப வேண்டுமா, பியானோவை வாசிக்க வேண்டுமா? இல்லை, இது விளையாட்டில் உள்ள பிழை (பக்) தானா? சேமித்து வைத்திருப்பது ஒரே ஒரு சேவ்.