புதுப்பிப்பு: அப்பாவின் ரெக்கார்டு பிளேயர் சரியாகிவிட்டது (பாட்டு இழுத்த பிரச்சினை)

பல வருஷம் மூடியே கிடந்த அப்பாவின் பெல்ட் டிரைவ் பிளேயரில் (மோட்டார் ஒரு ரப்பர் பெல்ட்டால் தட்டைச் சுழற்றும் வகை) பாட்டு இழுத்து அலைபாய்கிறது, கூடவே 'ம்ம்' என்று இரைச்சலும் கேட்கிறது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

முதலில் பெல்ட் மாற்றினேன். பழைய ரப்பர் உருகித் தார் மாதிரி ஒட்டியிருந்தது. புது பெல்ட்டில் இழுவை போனது, ஆனால் பாட்டு கொஞ்சம் வேகமாக, குரல் மெலிந்து கேட்டது. "மோட்டார் புல்லியைத் துடைத்தீர்களா?" என்று ஒருவர் கேட்டிருந்தாரே, விடை அதுதான். புல்லியில் (பெல்ட்டை ஓட்டும், மோட்டாரின் சின்னச் சக்கரம்) ஒட்டிய பழைய ரப்பர் அதன் சுற்றளவைக் கூட்டியதால் தட்டு வேகமாகச் சுழன்றிருக்கிறது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் பொறுமையாகத் துடைத்தேன். இப்போது வேகம் நிமிடத்துக்கு 33⅓ சுற்று என்று சரியாக நிற்கிறது.

எதிர்பாராதது ஒன்று. வேகம் பார்க்கும் கோட்டுத்தட்டை (50 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்கு 180 கோடுகள்) எல்இடி விளக்கின் கீழ் வைத்தபோது எல்லாம் மங்கலாகவே தெரிந்தது. பிளேயரில்தான் கோளாறு என்று ஒரு மாலை முழுக்கத் தவித்தேன். மின்சாரத்தோடு சேர்ந்து துடிக்கும் வெளிச்சத்தில்தான், வேகம் சரியாக இருந்தால் கோடுகள் அசையாமல் தெரியும்; அந்த விளக்கு அப்படித் துடிக்காததுதான் காரணம். பழைய குண்டு பல்பு போட்டதும் கோடுகள் அசையாமல் நின்றன.

இரைச்சலுக்கு, பின்னால் தொங்கிய மெல்லிய எர்த் வயரை ஆம்ப்ளிஃபயரின் எர்த் திருகில் மாட்டினேன், உடனே அடங்கியது. ஊசியை இன்னும் மாற்றவில்லை.

நேற்றிரவு அப்பா ஒரு தட்டின் இரண்டு பக்கத்தையும் எழுந்திருக்காமல் கேட்டார். பக்கம் திருப்பியது நான்.