மறு: ‘வசியப்படுதன்மை’ சரிதானா?

> மனோவசியத்துக்குச் சிலர் சட்டென்று ஆட்படுகிறார்கள். சிலர் அசைந்தே கொடுப்பதில்லை. இரு சாராரின் உடலியல் வேறுபாடு பற்றிய கட்டுரையில் இந்தப் பண்பை ‘வசியப்படுதன்மை’ என்று எழுதியிருக்கிறேன். சரிதானா?

வணக்கம் மருத்துவர் ஐயா.

‘வசியம்’ மந்திரவாதியின் சொல். அதை விட்டாலும் ‘படு’ இடிக்கிறது. அடிமைப்படு, நோய்வாய்ப்படு, வசப்படு என எல்லாவற்றிலும் ஒருவர் தோற்றுப்போகிறார். ஆய்வுகளில் தெரிவது தோல்வி அல்லவே.

இந்தப் பண்பை அளக்க ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 1959இல் வந்த அளவுகோலைப் பாருங்கள். மொத்தம் 12 சோதனைகள். கையை நீட்டச் சொல்லி, அது கனக்கிறது, இறங்குகிறது என்பார்கள். இல்லாத ஈ ஒன்று சுற்றுகிறது என்பார்கள். கை இறங்கியதா, ஈயை விரட்டினாரா என்று பார்த்து மதிப்பெண் போடுவார்கள். 25 ஆண்டுகள் கழித்து அதே ஆட்களை மறுபடி சோதித்தபோதும் இரு மதிப்பெண்களுக்கும் இடையிலான ஒட்டுறவு 0.71 இருந்தது (1 என்றால் முழுப் பொருத்தம்). இவ்வளவு நிலைத்து நிற்பதை மனபலவீனம் என்று தள்ளிவிட முடியாது.

மனோவசியத்துக்கு ‘அறிதுயில்’ என்ற சொல் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. திருமால் பாற்கடலில் கொள்வது. உறங்குவதுபோல் இருந்தும் எல்லாம் அறிவது. ஆங்கிலத்தில் ஜேம்ஸ் பிரெய்டு என்ற மருத்துவர் 1843இல் தூக்கத்துக்கான கிரேக்கச் சொல்லை வைத்து ‘ஹிப்னாடிசம்’ என்று பெயரிட்டுவிட்டு, இது தூக்கமே இல்லை என்று பிறகு உணர்ந்து, ஒற்றை எண்ணத்தில் நிலைத்தல் என்ற பொருளில் வேறு பெயர் வைக்கப் பார்த்தார். ஊர் கேட்கவில்லை. நம் சொல்லில் ‘அறி’ முன்னாலேயே நிற்பதால் அந்தச் சிக்கல் இல்லை.

என் பரிந்துரை: அறிதுயில் ஏற்புத்திறன்.

---

> அறிதுயில் ஏற்புத்திறன்

இயற்பியல் பாடநூலில் ‘காந்த ஏற்புத்திறன்’ இருக்கிறது. பிரெய்டுக்கு முன்பே இதைச் செய்துகாட்டிய மருத்துவர் மெஸ்மர், உடலில் ஓடும் ‘விலங்குக் காந்தம்’தான் காரணம் என்று சொன்னதை நினைத்தால் சிரிப்புத்தான் வருகிறது! அது இருக்கட்டும். எனக்குத் ‘திறன்’தான் உறுத்தல். ஏற்காதவர் திறனற்றவரா?

மருத்துவர் ஐயாவுக்கு ஒரு கேள்வி: மூளையின் அமைப்பிலேயே வேறுபாடு உண்டு என்கிறார்களே, அதை வைத்துப் பெயரிட முடியாதா?

---

அமைப்பை நம்பிப் பெயர் வைக்க வேண்டாம். இரு அரைக்கோளங்களையும் இணைக்கும் நரம்புப் பாலத்தின் முன்நுனி, அதிகம் ஏற்பவர்களிடம் சுமார் 32 விழுக்காடு பெரியது என்று 2004இல் ஓர் ஆய்வு வந்தது. சோதித்தது 18 பேரை மட்டுமே. 2012இல் ஸ்டான்ஃபோர்டில் 12 பேருக்கு 12 பேர் என ஒப்பிட்டபோது அமைப்பில் வேறுபாடு தென்படவில்லை, இணைப்பில் தென்பட்டது. அறிதுயிலில் ஆழ்த்தாமல் சும்மா படுத்திருக்கும்போதே, திட்டமிடும் இடது முன்மூளைப் பகுதியும் எது முக்கியம் என்று கவனிக்கும் பகுதியும் அதிகம் ஏற்பவர்களிடம் சேர்ந்து இயங்கின.

இரத்தக் குழாயிலும் ஒரு சேதி உண்டு. மன அழுத்தம் தரும் வேலை கொடுத்தால், கைத் தமனி விரிந்து கொடுப்பது பொதுவாகக் குறையும். பீசா ஆய்வாளர்கள் 2004இல் பார்த்தபோது குறைவாக ஏற்பவர்களிடம் அது குறைந்தது, அதிகம் ஏற்பவர்களிடம் குறையவில்லை.

எனக்குப் பிடித்தது வண்ணச் சோதனை. ‘சிவப்பு’ என்ற சொல்லைப் பச்சை மையில் அச்சிட்டுக் காட்டி, மையின் நிறம் என்ன என்று கேட்டால் நமக்கு நாக்குத் தடுமாறும். வாசிக்காமல் இருக்க முடியாது. இவை புரியாத மொழியின் எழுத்துகள் என்று முன்பே சொல்லி வைத்தால், அதிகம் ஏற்பவர்களுக்குத் தடுமாற்றம் குறைந்துபோகிறது. அவர்கள் எதையும் இழக்கவில்லை. நம்மால் விட முடியாத ஒன்றை விடுகிறார்கள். ஆகவே ‘படு’வை நானே எடுத்துவிடுகிறேன்.

சிக்கல் வேறிடத்தில். கட்டுரை முழுக்க இந்த இரு சாரார்தான் வருகிறார்கள். ‘உயர் ஏற்பினர், தாழ் ஏற்பினர்’ என்று எழுதக் கை வரவில்லை. ‘தாழ்’ நம் வாயில் என்னென்ன சுமக்கிறது என்று தெரியும். ‘குறை’ என்றால் குறைபாடு. ‘தோய்வு’ என்று யோசித்தேன். ஆனால் கதையிலோ இசையிலோ மூழ்கிப்போகும் பண்பை உளவியலில் தனியாக அளக்கிறார்கள். ‘தோய்வு’ அதற்கு வேண்டும்.

---

எளிதில் ஏற்போர், அரிதில் ஏற்போர்?

---

> அரிதில் ஏற்போர்

‘எப்போதாவது ஏற்போர்’ என்று படித்துவிட மாட்டார்களா?

---

தனியாக நின்றால் படிக்கலாம். ‘எளிதில்’ பக்கத்தில் இருக்கும்போது ‘அரிதில் முயன்று’ என்ற பொருள்தான் எழும். ‘திறன்’ உறுத்தியது எனக்கும் இப்போது புரிகிறது. பண்புக்கு ‘அறிதுயில் ஏற்பு’ என்பதே போதும், மதிப்பெண்ணுக்கு ‘ஏற்பளவு’. பெரும்பாலோர் நடுவில் இருப்பவர்கள், அவர்கள் ‘இடையேற்போர்’.

---

முதல் வாக்கியத்தை மாற்றிப் பார்த்தேன்: “எளிதில் ஏற்போரின் கைத் தமனி, மன அழுத்தத்தின்போதும் விரிந்து கொடுத்தது.” வாசிக்க ஓடுகிறது. ‘இடையேற்போர்’ மட்டும் இடுப்பில் ஏதோ ஏற்றிக்கொள்பவர்கள்போல் இருக்கிறது. அதற்கு வேறு சொல் கிடைக்கும்வரை ‘நடுநிலையோர்’ என்று போடவும் பயமாக இருக்கிறது, நீதிபதிகளாகிவிடுவார்கள்.