மறுமொழி: "உண்ணிக் காய்ச்சல்" போதுமா? புள்ளிக்காய்ச்சல் ரிக்கெட்சியாவுக்குச் சொல்

வணக்கம் ஐயா,

உங்கள் மடலை இரண்டு முறை படித்தேன். ரிக்கெட்சியா என்பது உண்ணி போன்றவை பரப்பும் பாக்டீரியா. அதில் புள்ளிக்காய்ச்சல்களை உண்டாக்கும் தொகுதிக்கு (spotted fever group) நம் அகரமுதலியில் என்ன பெயர் வைக்கலாம் என்று கேட்டு நான்கு சொற்கள் தந்திருக்கிறீர்கள். ஒன்றில் எனக்கு முழு உடன்பாடு, ஒன்றில் பாதி, இரண்டு வேண்டவே வேண்டாம். வேண்டாதவற்றில் ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன்.

> இவை உயிரணுவுக்குள் மட்டுமே பெருகுவதால் "உண்ணித் தீநுண்மி" எனலாம்.

தீநுண்மி என்ற சொல் வைரசுக்கு ஊன்றிவிட்டது. ரிக்கெட்சியா உயிரணுவுக்கு வெளியே வளராது என்பது உண்மைதான். ஆனால் அது பாக்டீரியா. இரண்டாகப் பிளந்து பெருகும், டாக்சிசைக்ளின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்துக்குக் கட்டுப்படும். தீநுண்மி என்று படிப்பவர் "வைரஸ் காய்ச்சல், நாலு நாளில் தானாகப் போய்விடும்" என்று இருந்துவிட்டால் என்ன ஆகும்? புள்ளிக்காய்ச்சல் தொற்றுகளில் கொடியது அமெரிக்காவின் ராக்கி மலைப் புள்ளிக்காய்ச்சல். அதில் முதல் ஐந்து நாட்களுக்குள் மருந்தைத் தொடங்குவதுதான் உயிரைக் காப்பாற்றுகிறது. கிருமிக்கு எதிராக உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருளைத் தேடும் இரத்தச் சோதனை முதல் வாரத்தில் பெரும்பாலும் ஒன்றும் காட்டாது என்பதால், முடிவு வரட்டும் என்று காத்திருக்காமல், குழந்தையாக இருந்தாலும் சந்தேகத்தின் பேரிலேயே டாக்சிசைக்ளின் கொடுக்கிறார்கள். மருந்து இருக்கிற நோய்க்கு மருந்து இல்லாததுபோல் தொனிக்கும் பெயரை நாம் வைக்கக் கூடாது.

> "உண்ணிக் காய்ச்சல்" எளிய சொல், எல்லோருக்கும் புரியும்.

புரியும், ஆனால் வேறொன்றாகப் புரியும். செய்தித்தாள்கள் ஸ்க்ரப் டைபசைத்தான் உண்ணிக் காய்ச்சல் என்று எழுதுகின்றன. அதை உண்டாக்குவது ஓரியன்ஷியா சுட்சுகாமுஷி என்ற பாக்டீரியா. அதுவும் முன்பு ரிக்கெட்சியா பேரினத்தில்தான் இருந்தது, 1995-இல் தனியாகப் பிரித்தார்கள். அதைப் பரப்புவது கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத ஒரு சிற்றுண்ணியின் (மைட்) இளம்புழு. நம் பேச்சில் அதுவும் உண்ணி, நாயின் காதுமடலில் இரத்தம் குடித்து ஆமணக்கு முத்துப்போல் உப்பிக் கிடப்பதும் உண்ணி. (லத்தீனில் ஆமணக்குக்கும் உண்ணிக்கும் ஒரே சொல்: ரிசினஸ். ஒரே உவமை அவர்களுக்கும் தோன்றியிருக்கிறது.)

இன்னொரு சிக்கலும் உண்டு. புள்ளிக்காய்ச்சல் தொகுதியில் இருப்பவை எல்லாமே உண்ணியால் பரவுபவை அல்ல. ரிக்கெட்சியா அகாரியைச் சுண்டெலியின் மேல் வாழும் சிற்றுண்ணி பரப்புகிறது. ரிக்கெட்சியா ஃபெலிஸ் தெள்ளுப்பூச்சியிடம் இருக்கிறது. ஆகவே தொகுதிக்குப் பெயரிடும்போது உண்ணியை விட்டுவிடுவோம். உண்ணியால் வருபவற்றை மட்டும் குறிக்கும் இடத்தில் "உண்ணிவழி" என்று முன்னொட்டு சேர்த்தால் போதும்.

சரி, "புள்ளிக்காய்ச்சல்". இதைத்தான் நான் முழுதாக ஏற்கிறேன். ராக்கி மலை நோயில் முதலில் கடும் காய்ச்சல், தலைவலி. இரண்டு முதல் நான்கு நாள் கழித்து மணிக்கட்டிலும் கணுக்காலிலும் இளஞ்சிவப்பாகச் சிறு புள்ளிகள். விரலால் அழுத்தினால் மறையும், எடுத்தால் திரும்ப வரும். நாளாக ஆக உடம்பெங்கும் பரவி, உள்ளங்கை, உள்ளங்கால் வரை வரும். அப்புறம் அழுத்தினாலும் மறையாது. ஏனென்றால் பாக்டீரியா குடிபுகுவது சிறு இரத்தக் குழாய்களின் உட்சுவர் உயிரணுக்களில். சுவர் சேதமாகிறது, குழாய் கசிகிறது. தோலில் நாம் பார்க்கும் அதே கசிவு மூளையிலும் நுரையீரலிலும் நடப்பதுதான் ஆளைக் கொல்கிறது. புள்ளி என்ற சொல் நோயின் வேரையே தொட்டுவிடுகிறது. ஆப்பிரிக்க உண்ணிக்கடிக் காய்ச்சலில் பலருக்குப் புள்ளியே வராது என்று நம் மருத்துவ நண்பர் எழுதியிருந்தார். சரிதான், ஆனால் தொகுதிப் பெயர் அதில் உள்ள எல்லா நோய்க்கும் அச்சாகப் பொருந்த வேண்டியதில்லை.

நான்காவதான "புள்ளியம்மை" என்ற யோசனையை மட்டும் தயவுசெய்து கைவிடுங்கள். ராக்கி மலைப் பகுதியிலும் இதை ஒரு காலத்தில் கருந்தட்டம்மை என்றுதான் அழைத்தார்கள். அம்மை என்றால் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு ஒட்டும் என்று நினைப்போம். இது அப்படி ஒட்டாது.

பாக்டீரியாவின் பெயரை மொழிபெயர்க்க வேண்டாம், ஒலிபெயர்ப்பே போதும் என்பது என் கருத்து. ஹோவர்ட் டெய்லர் ரிக்கெட்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1906-இல் அமெரிக்காவின் மோன்டானா மாநிலத்துப் பிட்டர்ரூட் பள்ளத்தாக்கில் வேலையைத் தொடங்கி, இந்தக் காய்ச்சலை உண்ணிதான் பரப்புகிறது என்று நிறுவினார். 1910-இல் மெக்சிகோ நகரில் பேன் பரப்பும் டைபஸ் காய்ச்சலை ஆராய்ந்தபோது அந்த நோயே தொற்றி இறந்தார். 1916-இல் பேன்வழி டைபசின் கிருமிக்குப் பெயர் வைத்த பிரேசில் ஆய்வாளர் ரோச்சா லிமா, பேரினப் பெயரில் அவரை நிறுத்தினார். நோயைத் தேடிப் போய் உயிர் விட்டவரின் பெயரைத் தமிழில் அழிக்க எனக்கு மனம் வரவில்லை.

"இரிக்கெட்சியா" என்று இகரம் சேர்ப்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் "சியா" கட்டாயம் இருக்க வேண்டும். நான் ஓர் இதழுக்கு அனுப்பிய கட்டுரையில் ரிக்கெட்சியா என்பதை மெய்ப்புப் பார்த்தவர் ரிக்கெட்ஸ் என்று "திருத்தி"விட்டார். வைட்டமின் டி குறைவால் குழந்தைகளுக்குக் கால் வளையும் நோயை உண்ணி பரப்புகிறது என்று அச்சாகிவிட்டது! திருத்தம் போடச் சொல்லிக் கேட்டேன், போடவில்லை. இன்றும் அது உறுத்துகிறது.

கடைசியாக, உண்ணி கடித்த இடத்தில் தோல் செத்துக் கருத்து, சுற்றிலும் சிவப்பு வளையத்தோடு ஒட்டிக்கிடக்கும் பக்குக்கும் (eschar) ஒரு சொல் வேண்டும். பெரும்பாலும் வலிக்காது, அதனால் அக்குளிலோ முடிக்குள்ளோ இருந்தால் நோயாளிக்கே தெரியாது. மத்தியதரைக் கடல் புள்ளிக்காய்ச்சலில் இது முக்கியத் தடயம். பிரெஞ்சில் "கரும்புள்ளி" என்றே சொல்கிறார்கள். நாமும் அப்படியே எடுத்தால் புள்ளிக்காய்ச்சலின் புள்ளியோடு குழம்பும். "கரும்பொருக்கு" என்று வைப்போமா? காய்ந்து ஒட்டிய படலத்துக்குப் பொருக்கு நல்ல பழைய சொல்.

அகரமுதலியில் இப்போதைக்கு இப்படிப் பதிகிறேன்: புள்ளிக்காய்ச்சல் ரிக்கெட்சியாத் தொகுதி, உண்ணிவழிப் புள்ளிக்காய்ச்சல், கரும்பொருக்கு. மேலே "மைட்" என்பதற்குச் சிற்றுண்ணி என்று எழுதியிருக்கிறேன், அதில் எனக்கு இன்னும் தயக்கம் இருக்கிறது. கால்நடை மருத்துவம் படித்தவர்கள் வேறு சொல் புழங்கினால் சொல்லுங்கள், வெள்ளிக்கிழமை வரை பதிவை மூடாமல் வைத்திருக்கிறேன்.

அன்புடன்.